சம்பளம் வயலில் விளைந்த காலம்

ஷாஜஹான் ஆட்சியின் நடுப்பகுதியில், 1647ஆம் ஆண்டையொட்டி, முகலாயப் பேரரசின் மதிப்பிடப்பட்ட நில வருவாய் ஆண்டுக்கு 880 கோடி தாம். தாம் என்பது செப்புக் காசு. அரசுக் கணக்கில் 40 தாம் ஒரு ரூபாய். ஆக மொத்தம் 22 கோடி ரூபாய். இதில் ‘காலிசா’ என்ற பெயரில் பேரரசரின் நேரடிக் கணக்கில் இருந்த நிலங்களின் வருவாய் 120 கோடி தாம் மட்டுமே, அதாவது ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு. மீதி ஆறு பங்கும் கருவூலத்தின் வாசற்படியை மிதிக்கவே இல்லை. அந்தந்த ஊரில் விளைந்து, அங்கேயே வசூலாகி, அதைப் பெற உரிமை பெற்றிருந்த அதிகாரியின் கைக்கு நேரே போய்விட்டது.

அரசுக் கருவூலம் ஒன்றில் சம்பளப் பட்டியல்களைச் சரிபார்க்கும் பிரிவில் நெடுநாள் இருந்தவன் என்ற முறையில் இந்தக் கணக்கு என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. எங்கள் வேலையில் ஒரு ரூபாய் வெளியே போக வேண்டுமானால் அது முதலில் உள்ளே வந்திருக்க வேண்டும். வந்ததற்குச் செலானும் போனதற்குப் பட்டியலும் இருக்க வேண்டும். முகலாயர்களோ வரவையும் செலவையும் ஒரே இடத்தில், ஒரே காகிதத்தில் முடித்துக்கொண்டார்கள். அந்தக் காகிதத்தின் பெயர்தான் ஜாகீர். அதை ஒரு சம்பள ஆணையாகப் படித்தால்தான் அந்த அரசு எப்படி ஓடியது, பிறகு ஏன் ஓடாமல் நின்றது என்பது பிடிபடுகிறது.

ஜாகீர் என்றதும் நமக்கு ஆரணி ஜாகீர் போன்ற பரம்பரைச் சமஸ்தானங்கள் நினைவுக்கு வருகின்றன; மாளிகை, வாரிசு, தலைமுறை தலைமுறையான அனுபோகம் என்றெல்லாம் மனம் கற்பனை செய்துகொள்கிறது. அக்பர் காலத்திலோ ஷாஜஹான் காலத்திலோ ஜாகீர் பெற்றவருக்கு அப்படி எதுவும் கிடையாது. இன்ன பர்கானாவில் (பல ஊர்கள் சேர்ந்த வருவாய் வட்டம்) அரசுக்கு வரவேண்டிய வரியை, இன்ன தொகைக்கு ஈடாக, நீங்கள் வசூலித்துக்கொள்ளலாம் என்பதே அவருக்குக் கிடைத்த உரிமை. நிலம் உழவனுடையது, அதன்மேல் ஜமீன்தாருக்குப் பரம்பரைப் பங்கு ஒன்று உண்டு, வரி அரசனுடையது. அந்த வரி மட்டும் சில ஆண்டுகளுக்கு ஓர் அதிகாரியின் பெயருக்கு மாற்றப்படுகிறது.

யாருக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானித்தது மன்சப் என்ற தரவரிசை. அக்பர் 1573-74ஐ ஒட்டி அதற்கு ஒழுங்கான வடிவம் கொடுத்தார். 10 முதல் 10,000 வரை எண்களால் குறிக்கப்பட்ட படிநிலைகள். 5,000க்கு மேற்பட்டவை தொடக்கத்தில் பெரும்பாலும் இளவரசர்களுக்கே. பின்னாளில், அக்பர் ஆட்சியின் 40ஆம் ஆண்டளவில், ஒவ்வோர் அதிகாரிக்கும் இரண்டு எண்கள் வந்தன. முதலாவது ‘ஜாத்’. அது அவருடைய சொந்த அந்தஸ்தையும் சொந்தச் சம்பளத்தையும் குறிக்கும். இரண்டாவது ‘சவார்’. அவர் அரசுக்காக வைத்திருக்க வேண்டிய குதிரைவீரர்களுக்கான எண் அது. படைத்தளபதி, மாகாண ஆளுநர், கணக்கு அதிகாரி, அரண்மனைச் சமையற்கூடத்தின் மேற்பார்வையாளர் எல்லோரும் ஒரே தரவரிசைப் பட்டியலில்தான் இருந்தார்கள். நம் காலத்து ஊதிய விகித அட்டவணையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை.

வியக்க வேண்டியது தொகைகளைப் பார்த்துத்தான். அக்பரின் அரசவை வரலாற்றாசிரியர் அபுல் ஃபசல் ‘ஐன்-இ-அக்பரி’யில் தரும் கணக்கின்படி 5,000 தரத்து முதல் வகுப்பு அதிகாரியின் மாதச் சம்பளம் 30,000 ரூபாய். அதே நூலில் சாதாரணக் கூலியாளின் நாட்கூலி 2 தாம். மாதம் முழுக்க விடாமல் வேலை செய்தாலும் 60 தாம், அதாவது ஒன்றரை ரூபாய். பெரிய பிரபு ஒருவரின் ஒரு மாதச் சம்பளம் 20,000 கூலியாட்களின் ஒரு மாத உழைப்புக்குச் சமம். அந்த 30,000த்தில் யானை, குதிரை, ஒட்டகம், வண்டி ஆகியவற்றைப் பராமரிக்கும் செலவும் அடங்கும் என்பது உண்மைதான். அதைக் கழித்த பிறகும் இடைவெளி மலைக்க வைக்கிறது. 1647இல் பட்டியலில் இருந்த மன்சப்தார்கள் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களில் 500க்கும் மேற்பட்ட தரத்தில் இருந்த 445 பேர் மட்டும் பேரரசின் மொத்த வருவாயில் 61.5 விழுக்காட்டுக்கு உரிமை பெற்றிருந்தார்கள் என்று ஆய்வாளர்கள் கூட்டிப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். எஞ்சிய ஏழாயிரத்துச் சொச்சம் பேர் கால் பங்கை ஒட்டிய தொகையைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

குதிரைவீரர்களுக்காகப் பணம் வாங்குபவர் உண்மையில் குதிரைவீரர்களை வைத்திருக்கிறாரா என்பது தணிக்கைக்காரனின் இயல்பான கேள்வி. அக்பருக்கும் அந்தச் சந்தேகம் வந்திருக்கிறது. வரலாற்றாளர் பதாயூனி கசப்போடு எழுதி வைத்திருக்கிறார்: பிரபுக்கள் தங்கள் வேலைக்காரர்களுக்கு வீரர் உடை அணிவித்து அணிவகுப்பில் நிறுத்தி எண்ணிக்கையைக் காட்டிவிட்டு, ஜாகீர் கையெழுத்தானதும் அவர்களை அனுப்பிவிடுவார்களாம். இதற்கு மாற்றாக வந்ததுதான் தாக், சேஹ்ரா என்ற இரட்டை ஏற்பாடு. குதிரையின் உடலில் சூட்டுக்குறி. வீரனுக்கு அங்க அடையாளப் பதிவு. அவன் பெயர், தகப்பன் பெயர், இனம், ஊர், நிறம், முகத்திலுள்ள தழும்பு, மச்சம் வரை எழுதிவைத்தார்கள். பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் நாம் இன்றும் எழுதும் ‘உடல் அடையாளங்கள்’ பத்தியை அப்படியே நினைவூட்டும் பதிவு அது. அடுத்த அணிவகுப்பில் அதே குதிரையும் அதே முகமும் வர வேண்டும், வராவிட்டால் பிடித்தம்.

இனி விளைநிலத்தின் பக்கம் வருவோம். சம்பளத்தை வரியில் இருந்து கொடுப்பதானால் எந்த ஊரில் எவ்வளவு வரி வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இந்த மதிப்பீட்டின் பெயர் ஜமா. நடைமுறையில் கைக்கு வந்து சேரும் தொகையின் பெயர் ஹாசில். முகலாய நிர்வாகத்தின் வரலாற்றில் பாதி, இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருந்த பள்ளத்தை நிரப்ப முயன்றதன் வரலாறு என்றே சொல்லலாம்.

அக்பரின் தொடக்க ஆண்டுகளில் ஜமா பெரும்பாலும் குத்துமதிப்பாக இருந்தது. ஆதரவாளர்களை மகிழ்விப்பதற்காகத் தொகையைக் காகிதத்திலேயே ஏற்றிக் கொடுத்தார்கள். வாங்கியவர் ஊருக்குப் போய்ப் பார்த்தால் பாதியும் தேறாது. 1575இல் அக்பர் துணிச்சலான ஒரு காரியம் செய்தார். புதிதாகப் பிடித்த எல்லைப் பகுதிகள் நீங்கலாக, பேரரசின் நடுப்பகுதியில் இருந்த ஜாகீர்களையெல்லாம் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒரு கோடி தாம் வருவாய் தரும் வட்டம் ஒன்றுக்கு ஓர் அதிகாரி வீதம் நியமித்தார். கோடிக்கு ஒருவர் என்பதால் அவர்கள் கரோரிகள். சில ஆண்டுகள் அதிகாரிகளுக்கு ரொக்கமாகவே சம்பளம் கொடுக்கப்பட்டது. அந்த இடைவெளியில் நிலத்தை அளந்தார்கள், விலையைக் குறித்தார்கள், விளைச்சலைப் பதிவு செய்தார்கள்.

அளக்கும் கருவியில் செய்த மாற்றம் சின்னதுதான். ஆனால் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. அதுவரை சணல் கயிற்றால் அளந்தார்கள். நனைந்தால் கயிறு சுருங்கும், காய்ந்தால் நீளும். காலைப் பனியில் நனைந்த கயிற்றைப் போட்டு அளந்தால் அதே வயலில் கூடுதலான பிகா (அக்கால நில அளவு) நிலம் காகிதத்தில் ஏறிவிடும், வரியும் ஏறும். அதற்குப் பதிலாக மூங்கில் கழிகளை இரும்பு வளையங்களால் கோத்த அளவுகோலைக் கொண்டுவந்தார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அது மாறாது. பேரரசின் வருவாய்ச் சீர்திருத்தம் என்று பாடநூல்கள் ஒரு வரியில் கடந்துபோகும் செயல், ஒரு வரப்பின் மேல் நின்று பார்த்தால் இப்படி ஒரு மூங்கிலாகத்தான் தெரிந்திருக்கும்.

பத்தாண்டு விளைச்சலையும் விலையையும் சராசரி எடுத்து, பயிர்வாரியாக ஒரு பிகாவுக்கு இவ்வளவு ரொக்கம் என்று விகிதங்கள் நிர்ணயிக்கப்பட்டன. அரசின் பங்கு விளைச்சலில் மூன்றில் ஒன்று என்பது அக்பர் காலத்து அடிப்படை. பின்வந்தவர்கள் காலத்தில் பல இடங்களில் அது பாதியை எட்டியது. அக்பரின் வருவாய் அமைச்சர் ராஜா தோடர்மாலின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த ஏற்பாடு 1580இல் உருப்பெற்றதும் நிலங்கள் மீண்டும் ஜாகீர்களாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. கரோரிகளின் கதை இனிமையாக முடியவில்லை. அவர்களில் பலர் குடியானவர்களைக் கசக்கிப் பிழிந்ததாகவும், பிறகு தோடர்மால் அவர்களிடம் கணக்குக் கேட்டுச் சிறையில் வாட்டியதாகவும் பதாயூனி சொல்கிறார். அக்பர்மீது அவருக்கு இருந்த மனத்தாங்கலைக் கழித்துக்கொண்டுதான் அதைப் படிக்க வேண்டும். இருந்தாலும் ரொக்கச் சம்பளத்தை அரசு நிரந்தரமாக்காததற்கு ஒரு காரணத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. ஆயிரக்கணக்கான ஊர்களில் இருந்து பணத்தைத் திரட்டி, பாதுகாப்பாகக் கொண்டுவந்து, எண்ணி, திரும்ப அதே ஊர்களில் பாளையம் இறங்கியிருக்கும் படைகளுக்கு அனுப்புவதற்கு ஆகும் ஆள்செலவு அந்தக் காலத்தில் கொஞ்சமாகவா இருந்திருக்கும்? வசூலிக்கும் பாட்டைச் சம்பளம் வாங்குபவர் தலையிலேயே கட்டிவிட்டால் அரசுக்கு அந்தச் செலவு இல்லை.

இருந்தும் பள்ளம் மூடவில்லை. தக்காணத்தில் அது மிக மோசமாகத் தெரிந்தது. 1650களின் தொடக்கத்தில் இளவரசர் ஔரங்கசீப் இரண்டாம் முறையாகத் தக்காண ஆளுநராக வந்தபோது அவர் பொறுப்பில் இருந்த மாகாணங்களின் மதிப்பீடு 3 கோடியே 62 லட்சம் ரூபாய். 1652இல் உண்மையில் வசூலானது 1 கோடி. போரும் பஞ்சமும் ஊர்களைக் காலி செய்திருந்தன. காகிதத்தில் மட்டும் பழைய தொகை நின்றது. அந்தக் காகிதத்தை நம்பித்தான் அங்கிருந்த அதிகாரிகளின் சம்பளம்.

இதற்கு ஷாஜஹானின் அலுவலகம் கண்ட தீர்வு ஒரு கணக்கர் மட்டுமே யோசித்திருக்கக் கூடியது. மதிப்பீட்டைத் திருத்தினால் எல்லோருடைய தரத்தையும் திருத்த வேண்டிவரும், அது அரசியல். ஆகவே தொகையைத் தொடாமல், ஜாகீர்களை மாதக் கணக்கில் வகைப்படுத்தினார்கள். மதிப்பீடு முழுவதும் வசூலானால் அது பன்னிரண்டு மாத ஜாகீர். பாதி வந்தால் ஆறு மாத ஜாகீர். மூன்றில் ஒரு பங்கு வந்தால் நான்கு மாத ஜாகீர். ஓர் அதிகாரிக்கு 3,000 சவார் தரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சவாருக்கு ஆண்டுக்கு 8,000 தாம் என்ற ஷாஜஹான் காலத்து விகிதப்படி அவருக்குரியது 2 கோடியே 40 லட்சம் தாம், அதாவது 6 லட்சம் ரூபாய். ஆறு மாத ஜாகீர் என்றால் 3 லட்சம்தான் வரும். அதற்கேற்ப அவர் வைக்க வேண்டிய குதிரைகளும் குறைத்துக்கொள்ளப்பட்டன. அதுவும் போதாமல் இன்னொரு விதி வந்தது: ஜாகீர் இருக்கும் மாகாணத்திலேயே பணி என்றால் சவார் எண்ணில் மூன்றில் ஒரு பங்கு வீரர்களைக் காட்டினால் போதும், வேறு மாகாணத்தில் பணி என்றால் நான்கில் ஒரு பங்கு, இந்துகுஷ் மலைக்கு அப்பால் பால்க், பதக்ஷான் போர்களுக்குப் போனவர்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு. ஆக 3,000 என்ற எண் 1,000 ஆகவும் 750 ஆகவும் 600 ஆகவும் சுருங்கியது. தரம் குறையவில்லை, கௌரவம் குறையவில்லை. அரசுக்குக் கிடைத்த சேவை மட்டும் குறைந்தது. பதவிப்பெயரை உயர்த்திவிட்டு வேலையைக் குறைப்பது பிற்கால அரசுகளும் நன்கறிந்த வித்தைதான்.

காகிதத்தில் சரிசெய்வதோடு நிற்காமல், நிலத்தில் இறங்கிச் சரிசெய்யப் பார்த்தவர்களும் உண்டு. ஔரங்கசீப்பின் தக்காண திவானாக இருந்த முர்ஷித் குலி கான் அவர்களில் ஒருவர். (வங்காளத்து முர்ஷித் குலி கான் வேறு, அவர் பின்னால் வந்தவர்.) குராசானில் இருந்து வந்த இவர் தோடர்மாலின் முறையைத் தக்காணத்துக்குக் கொண்டுவந்தார், எங்கும் ஒரே அச்சாகத் திணிக்கவில்லை. ஏர்க்கணக்கில் வரி கட்டிப் பழகிய இடத்தில் அதை விட்டுவைத்தார். வேறிடங்களில் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் முறையையும் அளவை முறையையும் வைத்தார். ஓடிப்போன உழவர்களைத் திரும்ப அழைத்து, மாடும் விதையும் வாங்க முன்பணம் கொடுத்தார். நிலம் அளக்கும்போது அளவுக்கயிற்றின் ஒரு முனையைத் தானே பிடித்துக்கொண்டு நிற்பாராம். கயிற்றின் மறுமுனையில் நிற்பவருக்கு அது என்ன சங்கடத்தைக் கொடுத்திருக்கும் என்று அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1658இல் வாரிசுரிமைப் போரில், தர்மத் களத்தில், ஔரங்கசீப்பின் பக்கம் நின்று அவர் இறந்தார்.

ஜாகீர் முறையின் உயிர்நாடி இடமாற்றம். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஒருவரை ஓரிடத்தில் வைப்பதில்லை என்பது பொதுவான வழக்கம். அதற்கு முன்னரே மாற்றியதும் உண்டு. ஓர் அதிகாரியின் ஜாகீர் பெரும்பாலும் ஒரே துண்டாகவும் இருக்காது. அவருக்குரிய தொகை நிறையும்வரை, யாருக்கும் ஒதுக்காமல் கிடக்கும் ‘பாய்பாக்கி’ நிலங்களில் இருந்து திவானின் அலுவலகம் பர்கானாக்களைப் பொறுக்கியெடுத்துக் கொடுக்கும். ஆகையால் பீகாரில் ஒன்றும் மாளவத்தில் ஒன்றுமாகக்கூட ஜாகீர் சிதறிக் கிடக்கலாம். தகப்பனின் ஜாகீர் மகனுக்குப் போகாது. மகனுக்கு மன்சப் கிடைத்தால் வேறெங்கோ வேறொரு தொகைக்கு ஜாகீர் கிடைக்கும். இதனால்தான் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு, ஆயிரக்கணக்கான குதிரைவீரர்களைக் கையில் வைத்திருந்த பிரபுக்கள் எந்த ஊரிலும் வேர் விட்டுக் குட்டி அரசர்களாக முளைக்க முடியாமல் இருந்தார்கள். ஆட்சிக்கலை என்ற அளவில் இது பெரிய சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. ராஜபுத்திர அரசர்கள் மட்டும் விலக்கு; அவர்களுடைய பூர்வீக நாடு ‘வதன் ஜாகீர்’ என்ற பெயரில் அவர்களிடமே இருந்தது. 1678இல் மார்வார் அரசர் ஜஸ்வந்த் சிங் நேரடி வாரிசு இல்லாமல் இறந்தபோது அவருடைய நாட்டை ஔரங்கசீப் காலிசாவில் சேர்க்க முனைந்ததும், அதைத் தொடர்ந்து அவருடைய குலத்தவரான ராத்தோர்கள் போரில் இறங்கியதும், அந்த விலக்கு எவ்வளவு மென்மையான இழை என்பதைக் காட்டின.

இந்தச் சாதனைக்கான விலையை உழவன் கொடுத்தான். ஔரங்கசீப் காலத்தில் தில்லியில் இருந்த பிரெஞ்சு மருத்துவர் பெர்னியர் இதைத்தான் மையமாகப் பிடித்துக்கொண்டார். நாளைக்கே கைவிட்டுப் போகக்கூடிய நிலத்தில் வாய்க்கால் வெட்டவும் ஏரியைச் செப்பனிடவும் ஜாகீர்தார் ஏன் செலவு செய்வார் என்பது அவர் கேள்வி. தனியுடைமையே இல்லாத நாடு என்று அவர் வரைந்த முழுச் சித்திரம் மிகையானது; உழவனுக்கும் ஜமீன்தாருக்கும் இருந்த பரம்பரை உரிமைகளை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அவருடைய புரவலரான தானிஷ்மந்த் கானே மன்சப்தார்தான் என்பதால், அவர் வாங்கிய ஊதியமும் ஏதோ ஒரு வயலில் இருந்துதான் வந்தது. ஆனால் இடமாற்றத்தைப் பற்றி அவர் சொன்னதை உள்ளிருந்தே உறுதி செய்யும் சாட்சி ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் பீம்சேன், புர்ஹான்பூர்க்காரர், கணக்கெழுதும் காயஸ்தர் சாதி, தத்தியா சிற்றரசர் ராவ் தல்பத் பண்டேலாவிடம் அலுவல் பார்த்தவர்.

பீம்சேன் விவரிக்கும் காட்சி இது. அடுத்த ஆண்டு இந்த ஜாகீர் தன்னிடம் இருக்கும் என்று ஜாகீர்தாருக்கு நம்பிக்கை இல்லை. அதனால் வசூலுக்கு அனுப்பும் ஆளிடமே முதலில் ஒரு தொகையை முன்பணமாக வாங்கிக்கொள்கிறார். அந்த வசூல்காரர் ஊருக்கு வந்து இறங்கும்போதே, தன்னைவிடக் கூடுதல் முன்பணம் கொடுத்த இன்னொருவர் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறாரோ என்ற பயம் அவருக்கு. ஆகவே போட்ட பணத்தை எடுப்பதற்காகக் குடியானவனின் கழுத்தில் கைவைக்கிறார். இதில் கொடியவர் என்று ஒருவரை மட்டும் சுட்ட முடியவில்லை. மேலே இருப்பவரின் பயம் படிப்படியாகக் கீழே இறங்கி, இறங்க இடமில்லாத ஒருவனின் வாசலில் போய் நிற்கிறது.

இத்தனை பேர் வந்து போன ஊர்களில் போகாமல் இருந்தவர்கள் யார் என்று பார்த்தால், பர்கானாவின் கணக்கரான கானூங்கோ, அதன் தலைவரான சௌத்ரி, கிராமக் கணக்கரான பட்வாரி ஆகியோர். எந்த ஊரில் எத்தனை பிகா, எந்தப் பயிர், கடந்த பத்தாண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் என்ன மதிப்பீடு, என்ன வசூல் என்பதெல்லாம் கானூங்கோவின் கணக்குக் கட்டுகளில் இருந்தன. பதவி பெரும்பாலும் பரம்பரையானது. புதிய ஜாகீர்தாரின் ஆள் வந்து இறங்கியதும் முதலில் போய் நிற்க வேண்டிய இடம் அவருடைய வீட்டுத் திண்ணைதான். அரசு அவரை நம்பியது, சந்தேகிக்கவும் செய்தது. ரசிக்தாஸ் என்ற கரோரிக்கு 1665இல் ஔரங்கசீப் அனுப்பிய ஆணையில், ஆண்டின் தொடக்கத்திலேயே ஊர்வாரியாக உழவர், ஏர், நிலம் ஆகியவற்றின் உண்மை நிலையைத் திரட்ட வேண்டும் என்ற வற்புறுத்தல் இருக்கிறது. பழைய கணக்கைப் பார்த்துப் புதிய கணக்கை எழுதிவிடும் பழக்கம் இருந்திராவிட்டால் அந்த ஆணைக்குத் தேவை இருந்திருக்காது.

பணிக்காலம் முடிந்தாலும் கணக்கு முடியாது. பிரபு இறந்தால் அவருடைய சொத்தை அரசு பூட்டி முத்திரையிடும். அவர் வாங்கிய முன்பணம், காட்டாத குதிரைகளுக்கான பிடித்தம், வேறு பாக்கிகள் எல்லாம் கழிந்த பிறகே வாரிசுக்கு ஏதாவது கிடைக்கும். எவ்வளவு என்பது பேரரசரின் விருப்பத்தையும் பொறுத்தது. பெர்னியர் சொல்லும் நேக்நாம் கானின் கதை இங்கேதான் வருகிறது. பெரும் பணக்காரரான இந்த முதிய பிரபு இறக்கும் முன் தன் செல்வத்தையெல்லாம் இரகசியமாகப் பகிர்ந்து கொடுத்துவிட்டு, பெட்டிகளில் பழைய இரும்பு, எலும்பு, தேய்ந்த செருப்பு, கந்தல் ஆகியவற்றை நிரப்பிப் பூட்டி, இவை ஷாஜஹானுக்கு மட்டுமே உரியவை என்று எழுதிவைத்தாராம். பெட்டிகள் நிறைந்த அவையில் கொண்டுவரப்பட்டன. பேரரசர் ஆவலோடு திறக்கச் சொன்னார். பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போய்விட்டார். சந்தைப் பேச்சில் மெருகேறிய கதையாகவும் இருக்கலாம். ஆனால் சொத்து பூட்டப்படும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தால்தான் இப்படி ஒரு கதை ஊரில் நடமாட முடியும். ஓய்வுபெறும் மாதத்தில் நிலுவைச் சான்று கேட்டு மேசை மேசையாக அலைந்தவர்களுக்கு நேக்நாம் கான்மீது ஒரு பிரியம் ஏற்படத்தான் செய்யும்.

இந்த எந்திரம் ஔரங்கசீப்பின் கடைசி இருபத்தைந்து ஆண்டுகளில் முறுக்கிக்கொண்டு நின்றது. 1686இல் பீஜப்பூரும் 1687இல் கோல்கொண்டாவும் வீழ்ந்தன. தோற்ற அரசுகளின் தளபதிகளுக்கும், மராட்டியர் பக்கத்தில் இருந்து வந்த தலைவர்களுக்கும் மன்சப் கொடுத்து இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1,000 மற்றும் அதற்கு மேற்பட்ட தரத்தில் இருந்தவர்கள் 1658-78 காலத்தில் 486 பேர். 1679-1707 காலத்தில் 575 பேர். அவர்களில் மராட்டியர் 27இல் இருந்து 96 ஆனார்கள். பரம்பரைப் பிரபுக் குடும்பத்துப் பிள்ளைகள் மன்சப் ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு ஜாகீருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். ஒரு மாதுளம்பழம், நூறு நோயாளிகள் என்ற பாரசீகப் பழமொழி அப்போது அரசவை வட்டாரத்தில் புழங்கியது.

உண்மையில் நிலம் போதவில்லையா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. புதிதாகப் பிடித்த தெற்கு நாடுகளின் வருவாய் வந்து சேர்ந்த அதிகாரிகளுக்குப் போதுமானதாகவே இருந்தது, ஆனால் அதில் வளமான பகுதிகளை ஔரங்கசீப் போர்ச் செலவுக்கென்று காலிசாவில் நிறுத்திக்கொண்டார் என்று ஒரு தரப்பினர் வாதிடுகிறார்கள். என் மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. அதோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன். காகிதத்தில் நிலம் இருந்தாலும், அங்கே போய் வரி வசூலிக்க ஜாகீர்தாருக்குப் படை வேண்டும். படைக்குச் சம்பளம் வேண்டும். சம்பளம் அந்த வரியில் இருந்துதான் வர வேண்டும். மராட்டியக் குதிரைப்படைகள் நடமாடிய ஊர்களில் இந்த வட்டம் சுற்றவே தொடங்கவில்லை.

பீம்சேன் அதைக் கண்ணால் பார்த்தார், அதுவும் நம் மண்ணில். 1690 முதல் 1698 தொடக்கம் வரை ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார் கானின் படை, மராட்டியர் கையில் இருந்த செஞ்சிக் கோட்டையை முற்றுகையிட்டுக் கிடந்தது. தல்பத் ராவும் அந்தப் படையில் இருந்ததால் பீம்சேனும் வந்தார். 1693 தொடக்கத்தில் தானியம் கிடைக்காமல், முற்றுகையைக் கைவிட்டு, படை வந்தவாசிக்குப் பின்வாங்கியது. முற்றுகைக்குப் பணம் வேண்டியிருந்த நிலையில் 1694இல் சுல்பிகார் கான் தஞ்சாவூர் வரை போய்க் கப்பம் வாங்கி வந்தார். வயலில் இருந்து முறைப்படி சம்பளம் வாங்க வேண்டிய படை, அண்டை அரசனின் பெட்டியைத் தேடிப் போக நேர்ந்தது. வசூல்காரர்கள் பற்றி நான் மேலே சொன்ன குறிப்பை எழுதியவர் இதையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவர் என்பதை மறக்கக் கூடாது.

ஔரங்கசீப் இறந்த 1707க்குப் பிறகு நடந்தவற்றை விரிவாகச் சொல்லத் தேவையில்லை. வரி வசூல் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. இடமாற்ற ஆணைகளை யாரும் மதிக்கவில்லை. வங்காளத்திலும் ஐதராபாத்திலும் ஆளுநர்கள் அரசர்கள் ஆனார்கள். ஆற்காட்டிலும் அப்படித்தான். அந்த ஆற்காட்டு நவாப் முகமது அலி, தான் பட்ட கடனுக்கும் வாங்கிய இராணுவ உதவிக்கும் ஈடாக, 1763இல் செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1765இல் பேரரசர் ஷா ஆலம் அதை உறுதிசெய்து ஆணை தந்தார். அதனால்தான் அந்த நாட்டை ஆங்கிலேயர்கள் நெடுங்காலம் ‘ஜாகீர்’ என்ற பெயராலேயே குறிப்பிட்டார்கள். முறைப்படி பார்த்தால் கம்பெனி பேரரசரின் ஒரு ஜாகீர்தார். மூன்று நான்கு ஆண்டுகளில் அதை வேறிடத்துக்கு மாற்றும் வலு மட்டும் தில்லியில் எவருக்கும் இல்லை.

கம்பெனி முதலில் அந்த ஜாகீரை நவாபிடமே 1780 வரை குத்தகைக்கு விட்டுவைத்தது. இடையில், 1767 முதல் 1774 வரை, தாமஸ் பர்னார்ட் என்பவரைக் கொண்டு ஊர் ஊராக அளவெடுத்தது. ஏரி, நஞ்சை, புஞ்சை, தோப்பு, வீடு, மானியம் என்று ஏறத்தாழ 2,000 ஊர்களின் விவரங்கள் திரண்டன. அந்த விவரங்களுக்கு அடிப்படையாக இருந்தவை ஊர்க் கணக்குப்பிள்ளைகள் ஓலையில் எழுதி வைத்திருந்த கணக்குகள். அவ்வோலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. கோயிலுக்கு, ஏரி பார்ப்பவனுக்கு, தச்சனுக்கு, வண்ணானுக்கு, கணக்குப்பிள்ளைக்கு என்று களத்து நெல்லில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது அவற்றில் கலம், மரக்கால் அளவு வரை குறிக்கப்பட்டிருக்கிறது.